கஸ்டெலோரிசோ: ஒரு சிறு தீவும் அது கேட்கும் பெருங்கடலும்

கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே கிழக்கு மத்தியதரைக் கடலில் உரசல் எழும்போதெல்லாம் கஸ்டெலோரிசோ என்ற பெயர் செய்திகளில் அடிபடுகிறது. துருக்கி இந்தத் தீவைக் கைப்பற்றப் பார்க்கிறது என்று சில தலைப்புகள் சொல்கின்றன. துருக்கியின் கடலை இத்தீவைக் காட்டிக் கிரேக்கம் அடைக்கப் பார்க்கிறது என்று வேறு சில சொல்கின்றன. தீவின் மேலுள்ள இறையாண்மையும் தீவைச் சுற்றியுள்ள கடலின் மேலுள்ள உரிமையும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். முதல் கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்ட ஒன்று. இரண்டாவது, 1970களில் தொடங்கி இன்றுவரை தீராதது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, தீவு இருக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இடமும் அளவும்

கஸ்டெலோரிசோவுக்குக் கிரேக்க அரசு ஆவணங்களில் மெகிஸ்தி என்று பெயர். துருக்கியர் மெயிஸ் என்பர். பரப்பு சுமார் 9 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஐந்நூறுக்கும் சற்றுக் குறைவு. துருக்கியின் காஷ் நகரம் எதிர்க்கரையில் இருக்கிறது. தீவுக்கும் துருக்கிக் கரைக்கும் இடையே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீர்தான். மிக அருகிலுள்ள பெரிய கிரேக்கத் தீவான ரோட்ஸோ மேற்கே சுமார் 125 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தீவை ஒட்டி ரோ, ஸ்ட்ரோங்கிலி என்ற இரண்டு குறுந்தீவுகளும் பல பாறைத் திட்டுகளும் உள்ளன.

தீவில் ஆறு இல்லை. வயல் என்று சொல்லத்தக்க நிலமும் அரிது. நெடுங்காலம் மழைநீரைத் தொட்டிகளில் சேமித்தே குடித்திருக்கிறார்கள். ஆயினும் அனடோலியக் கரையின் (இன்றைய துருக்கியின் ஆசியக் கரை) அந்தப் பகுதியில் பாதுகாப்பாக நங்கூரமிடத்தக்க துறைமுகம் ஒன்று இங்கே இருந்தது. மேற்கிலிருந்து சைப்ரஸ், சிரியா, எகிப்து நோக்கிச் செல்லும் கப்பல்கள் இதைக் கடந்தே போயின. தீவை விரும்பியவர்கள் எல்லாரும் இந்தத் துறைமுகத்துக்காகவே விரும்பினார்கள்.

கோட்டை கைமாறிய காலம்

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோட்ஸைத் தளமாக்கிக்கொண்ட, சிலுவைப் போர்க் காலக் கிறித்தவப் போர்த்துறவிகளான புனித ஜான் சபை வீரர்கள் இத்தீவையும் பிடித்துத் துறைமுகத்துக்கு மேலே கோட்டை கட்டினார்கள். 1440களில் எகிப்தின் மம்லூக் படை அதை இடித்தது. 1450இல் நேப்பிள்ஸ் அரசரான அரகோனின் அல்ஃபோன்சோ தீவைப் பிடித்துக் கோட்டையைத் திரும்ப எழுப்பினார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியை மையமாகக் கொண்ட பேரரசின் ஆட்சியாளர்களான உதுமானியர் வந்தனர். கிரீட் தீவுக்காக உதுமானியரும் வெனிஸும் நடத்திய நீண்ட போரின் நடுவே, 1659இல், வெனிஸ் படை கோட்டையைத் தாக்கிப் பிடித்தது; ஆனால் தங்கவில்லை.

1821இல் கிரேக்க விடுதலைப் போர் மூண்டபோது தீவினர் தம் கப்பல்களுடன் கிளர்ச்சியில் சேர்ந்தார்கள். எனினும் புதிய கிரேக்க அரசின் எல்லையை வல்லரசுகள் வரைந்தபோது தீவு உதுமானியரிடமே விடப்பட்டது. வியப்பு என்னவென்றால், அதன் பிறகுதான் தீவின் பொற்காலம் தொடங்கியது. அனடோலியக் காடுகளின் மரத்தையும் கரியையும் எகிப்துக்கு ஏற்றிச் செல்லும் பாய்க்கப்பல் வணிகத்தில் தீவினர் செழித்தார்கள். எதிர்க்கரையில் அவர்களுக்கு நிலங்களும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மக்கள்தொகை பத்தாயிரத்தை எட்டியது என்பது வழக்கமாகத் தரப்படும் மதிப்பீடு. துறைமுகத்தைச் சுற்றி நிற்கும் மாடி வீடுகள் அந்தப் பணத்தில் எழுந்தவை. எதிர்க்கரை ஒரே அரசின் கீழ் இருந்தவரை 2 கிலோமீட்டர் என்பது ஒரு வசதி. இடையே எல்லைக்கோடு விழுந்த பிறகு அதுவே ஆபத்தாயிற்று.

1913 முதல் 1921 வரை: எட்டு ஆண்டுகளில் நான்கு ஆட்சிகள்

1912இல் இத்தாலி, உதுமானியருடனான போரில், ரோட்ஸ் உள்ளிட்ட, தென்கிழக்கு ஈஜியன் கடலின் டொடெகனீஸ் தீவுகளைப் பிடித்தது. கஸ்டெலோரிசோவைப் பிடிக்கவில்லை. தனித்து விடப்பட்ட தீவினர் 1913 மார்ச்சில் தாமே எழுந்து, உதுமானிய ஆளுநரையும் காவற்படையையும் சிறைப்பிடித்து, கிரேக்கத்துடன் இணைவதாக அறிவித்தார்கள். சில மாதங்கள் கழித்துக் கிரேக்க அரசு ஒரு நிர்வாகியை அனுப்பியது. ஆனால் 1914 பிப்ரவரியில் ஆறு ஐரோப்பிய வல்லரசுகள் எடுத்த முடிவு வேறாக இருந்தது. ஈஜியனில், அதாவது கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலான கடலில், கிரேக்கம் பிடித்த தீவுகள் அதனிடமே இருக்கலாம், இம்ப்ரோஸ், டெனெடோஸ், கஸ்டெலோரிசோ ஆகிய மூன்றைத் தவிர. அவை துருக்கிக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். முதல் உலகப் போர் குறுக்கிட்டதால் கஸ்டெலோரிசோவைப் பொறுத்தவரை அந்த முடிவு நடைமுறைக்கு வரவில்லை.

1915 டிசம்பர் 28 அன்று பிரெஞ்சுக் கடற்படை தீவில் இறங்கியது. துருக்கியக் கரையைக் கண்காணிக்க இதைவிட நெருக்கமான இடம் கிடைத்திருக்காது. அந்த நெருக்கத்தின் விலையும் விரைவில் தெரிந்தது. 1917 ஜனவரியில் பிரிட்டனின் கடல்விமானக் கப்பலான பென்-மை-க்ரீ துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றது. போருக்கு முன் பயணிகளை ஏற்றிச் சென்ற இந்தக் கப்பலிலிருந்து புறப்பட்ட விமானம்தான் 1915இல், வானிலிருந்து வீசிய டார்பிடோவால் ஒரு கப்பலைத் தாக்கிய முதல் விமானம். எதிர்க்கரைக் குன்றுகளில் மறைத்து வைத்திருந்த பீரங்கிகளால் உதுமானியர் சுட்டார்கள். விமானக் கொட்டகையில் குண்டு விழுந்து பெட்ரோல் பற்றிக்கொண்டது. கப்பல் கிளம்ப வழியின்றி எரிந்து ஆழமற்ற துறைமுகத்திலேயே அமர்ந்தது. நல்ல துறைமுகம் என்று நம்பி வந்தவர்களுக்கு, அது எதிர்க்கரையின் பீரங்கி எல்லைக்குள் அடங்கியது என்பது அன்று புரிந்தது. தீவின் இராணுவ மதிப்பு குறித்து இன்று எழுதப்படும் பல பரபரப்புக் கட்டுரைகள் இந்த ஒரு நிகழ்வை மறந்துவிடுகின்றன.

போரில் வென்ற நாடுகள் உதுமானியருடன் 1920இல் கையெழுத்திட்ட செவ்ர் உடன்படிக்கை தீவை இத்தாலிக்கு ஒதுக்கியது. 1921 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர்கள் அதை இத்தாலியிடம் ஒப்படைத்தார்கள். தீவினர் 1913இல் அறிவித்த விருப்பத்தை இந்தக் கைமாற்றங்கள் எதிலும் யாரும் கேட்கவில்லை.

ஊர் வெறுமையானது

நீராவிக் கப்பல் வந்து பாய்க்கப்பல் வணிகம் சரிந்திருந்த நிலையில் எதிர்க்கரையும் மூடப்பட்டதால், மக்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். எகிப்துக்குச் சென்றவர்கள் உண்டு. மிகுதியானோர் ஆஸ்திரேலியாவின் பெர்த், சிட்னி நகரங்களில் குடியேறினர். இன்று தீவில் வாழ்வோரைப்போலப் பல மடங்கு வழித்தோன்றல்கள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள்.

எஞ்சியவர்களை இரண்டாம் உலகப் போர் பெயர்த்தது. 1941 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் தீவைப் பிடித்தார்கள். சில நாட்களிலேயே ரோட்ஸிலிருந்து வந்த இத்தாலியர் திரும்பப் பிடித்தார்கள். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் பிரிட்டிஷ் படை மீண்டும் வந்தது; ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்தன. மக்கள் சைப்ரஸுக்கும் அங்கிருந்து காசாவிலிருந்த அகதி முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஊர் ஆளற்றிருந்த 1944 ஜூலையில் எரிபொருள் கிடங்கில் பற்றிய தீ வெடிமருந்துக்குப் பரவி வீடுகளில் பெரும்பகுதியை அழித்தது. போர் முடிந்து 1945 செப்டம்பரில் அகதிகளை ஏற்றிக்கொண்டு போர்ட் சையதிலிருந்து புறப்பட்ட எம்பயர் பேட்ரோல் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. 33 பேர் இறந்தார்கள். உயிரோடு ஊர் சேர்ந்தவர்களை இடிபாடுகளே எதிர்கொண்டன.

தீவு யாருடையது? மூன்று ஆவணங்கள்

இறையாண்மை பற்றிய கேள்விக்கு விடை தருபவை மூன்று ஆவணங்கள்.

1. லொசான் உடன்படிக்கை, 1923. செவ்ர் உடன்படிக்கைக்குப் பதிலாகத் துருக்கியுடன் செய்யப்பட்டது. இதன் 12ஆம் பிரிவு, ஆசியக் கரையிலிருந்து மூன்று மைலுக்குள் இருக்கும் தீவுகள், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், துருக்கிக்கே உரியவை என்கிறது. இந்த அளவுகோலின்படி கஸ்டெலோரிசோ துருக்கிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் 15ஆம் பிரிவு, டொடெகனீஸ் தீவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுடன் கஸ்டெலோரிசோவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, துருக்கி தன் உரிமைகளை இத்தாலிக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறது. அந்தப் பெயர்க் குறிப்பு மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது.

2. இத்தாலி–துருக்கி ஒப்பந்தம், 1932 ஜனவரி. சுற்றியுள்ள குறுந்தீவுகள் யாருடையவை என்ற தகராறு ஹேக் நகரிலிருந்த அன்றைய நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தீர்ப்புக்குக் காத்திராமல் இரு நாடுகளும் பேசி முடித்து, திட்டுகளைப் பகிர்ந்து கடல் எல்லையையும் வரைந்தன. வழக்கு 1933 ஜனவரியில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மற்ற டொடெகனீஸ் தீவுகளுக்கான எல்லையை வரைந்த 1932 டிசம்பர் ஆவணம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று துருக்கி வாதிடுகிறது. 1996இல் ஈஜியனின் ஆளற்ற இமியா பாறைகளுக்காக இரு நாடுகளுக்கும் இடையே போர் மூளும் நிலை வந்தது அதன் தொடர்ச்சிதான். கஸ்டெலோரிசோவுக்கான ஜனவரி ஒப்பந்தம் அந்தச் சர்ச்சைக்கு வெளியே நிற்கிறது.

3. பாரிஸ் சமாதான உடன்படிக்கை, 1947. இதன் 14ஆம் பிரிவின்படி இத்தாலி, கஸ்டெலோரிசோ உள்ளிட்ட தீவுகளை முழு இறையாண்மையுடன் கிரேக்கத்துக்கு அளித்தது. அவை இராணுவமற்றவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பிரிவில் உண்டு. 1948 மார்ச் 7 அன்று இணைப்பு முறைப்படி நிறைவேறியது.

இராணுவ நிபந்தனையே இன்று இறையாண்மை விவாதம் மீண்டும் தலைகாட்டும் ஒரே வாசல். கிரேக்கம் தீவுகளில் படை வைத்திருக்கிறது. 1975இல் துருக்கி ஈஜியன் கரையில் தனிப்படை ஒன்றை அமைத்ததையும், ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு தரும் தற்காப்பு உரிமையையும் அது காரணமாகக் காட்டுகிறது. பாரிஸ் உடன்படிக்கையில் துருக்கி ஒரு தரப்பே அல்ல என்பதால் அதன் நிபந்தனையைக் கேட்கவும் அதற்கு உரிமையில்லை என்பது கிரேக்கத்தின் இன்னொரு வாதம். துருக்கி 2021இல் ஐ.நா.வுக்கு அனுப்பிய கடிதங்களில், நிபந்தனை மீறப்பட்டால் இறையாண்மையும் கேள்விக்குள்ளாகும் என்ற பொருள்பட எழுதியது. கிரேக்கம் நிபந்தனையை மீறியதா என்பது விவாதிக்கத்தக்கது. ஆனால் மீறினால் தீவே கைமாறும் என்று அந்தப் பிரிவில் எங்கும் சொல்லப்படவில்லை. இந்த வாதம் சட்டத்தைவிட அரசியலுக்கே நெருக்கமானதாகப் படுகிறது.

கடல் கணக்கு

இனி உண்மையான வழக்குக்கு வரலாம். இதற்கு மூன்று சொற்களின் பொருள் தேவை.

1. பிராந்தியக் கடல்: கரையை ஒட்டி, நாட்டின் நிலத்தைப் போலவே அதன் இறையாண்மைக்குட்பட்ட நீர். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை அதிகபட்சம் 12 கடல் மைல் அனுமதிக்கிறது. ஈஜியனில் கிரேக்கம் 6 மைலோடு நிற்கிறது. அதை மீறினால் போருக்கான காரணமாகக் கொள்ளப்படும் என்று துருக்கி நாடாளுமன்றம் 1995 ஜூனில் தீர்மானித்திருக்கிறது.

2. கண்டத்திட்டு: கரையிலிருந்து நீளும் கடலடி நிலம். எண்ணெய், எரிவாயு உரிமை இதைச் சார்ந்தது.

3. தனிப் பொருளாதார மண்டலம்: 200 கடல் மைல் வரை மீன், கனிமம், ஆற்றல் ஆகியவற்றின் மேல் உள்ள பொருளாதார உரிமை. இங்கே இறையாண்மை கிடையாது. பிற நாட்டுக் கப்பல்கள் தடையின்றிச் செல்லலாம்.

கடல் சட்ட உடன்படிக்கையின் 121ஆம் பிரிவு, தீவுகளுக்கும் பெருநிலத்தைப் போலவே இம்மூன்றும் உண்டு என்கிறது. மனிதர் வாழ இயலாத பாறைகளுக்கு மட்டும் பின்னிரண்டும் கிடையாது. கஸ்டெலோரிசோவில் மக்கள் வாழ்கிறார்கள். ஆகவே அதற்குக் கடல் உண்டு என்பது கிரேக்கத்தின் நிலை. துருக்கி இந்த உடன்படிக்கையில் சேரவில்லை.

கரைகள் நெருங்கியிருக்கும் இடத்தில் இரு நாட்டு மண்டலங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழும். அப்போது எழுவது உரிமை பற்றிய கேள்வி அல்ல, எல்லை பற்றிய கேள்வி. பாகப்பிரிவினை வழக்கில் ஒருவருக்குப் பங்கு உண்டா என்பதும் அளவுக்கல்லை எங்கே நடுவது என்பதும் வேறுவேறாக விசாரிக்கப்படுவதைப் போன்றது இது. கிரேக்கம் பெரும்பாலும் முதல் கேள்விக்கான விடையைச் சொல்லி இரண்டாவதும் முடிந்ததாகக் காட்டுகிறது. துருக்கி இரண்டாவதைச் சொல்லி முதலாவதையே மறுக்கிறது.

கஸ்டெலோரிசோவுக்கு முழு அளவு கொடுத்தால், கிரேக்க மண்டலம் கிழக்கே நீண்டு சைப்ரஸின் மண்டலத்தைத் தொடும். துருக்கியின் நீண்ட தென்கரை பெரும்பாலும் அந்தால்யா வளைகுடாவின் முன்பகுதியோடு அடைபடும். ஸ்பெயினின் செவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரைந்த ஒரு வரைபடம் இத்தகைய எல்லையைக் காட்டியதால் துருக்கியில் பெரும் கோபத்துக்கு ஆளாகியது. அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ அங்கீகாரம் கிடையாது. 10 சதுர கிலோமீட்டர் தீவு 40,000 சதுர கிலோமீட்டர் கடலைக் கோருகிறது என்று துருக்கி வெளியுறவு அமைச்சகம் 2020 ஜூலையில் சொன்னது. மறுபக்கம், துருக்கியின் கடல் உரிமைக் கோரிக்கைகளைத் தொகுக்கும் ‘நீலத் தாயகம்’ கோட்பாடு இத்தீவுக்குப் பிராந்தியக் கடலுக்கு மேல் எதையும் தருவதில்லை.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

இதுபோன்ற வழக்குகளில் சர்வதேச நீதிமன்றம் முதலில் ஒரு தற்காலிக நடுக்கோட்டை வரையும். பிறகு கரைகளின் நீளம் போன்ற சூழ்நிலைகளைக் கருதி அதை நகர்த்தும். இறுதியில் விளைவு அளவுக்கு மீறி ஒருதலைப்பட்சமாக இருக்கிறதா என்று சரிபார்க்கும்.

பிரான்ஸ் கரையருகே உள்ள பிரிட்டனின் கால்வாய்த் தீவுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தும், 1977ஆம் ஆண்டு நடுவர் மன்றம் அவற்றுக்குத் தனி வளையமாக 12 கடல் மைல் மட்டுமே அளித்தது. 2009இல் ருமேனியா–உக்ரைன் வழக்கில் பாம்புத் தீவுக்குப் பிராந்தியக் கடலுக்கு அப்பால் எந்த விளைவும் தரப்படவில்லை. ஆனால் 2012இல் நிகராகுவா–கொலம்பியா வழக்கில், பெருநிலத்திலிருந்து தொலைவில் இருந்த கொலம்பியத் தீவுகளுக்குக் கணிசமான கடல் கிடைத்தது. நிகராகுவாவின் நீண்ட கரைக்காகக் கோடு நகர்த்தப்பட்டது. எனவே கஸ்டெலோரிசோவுக்கு முழு அளவு கிடைப்பது அரிது. ரோட்ஸ், கார்பதோஸ், கிரீட் போன்ற பெரிய தீவுகளைத் துருக்கி விரும்புவதுபோல் ஒன்றுமில்லாமல் ஆக்குவது அதைவிட அரிது.

2019க்குப் பின்

2019 நவம்பரில் துருக்கியும் லிபியாவின் திரிபோலி அரசும் தமக்கிடையே கடல் எல்லை ஒன்றை அறிவித்தன. இடையிலுள்ள கிரேக்கத் தீவுகள் இல்லாததுபோல் அது வரையப்பட்டிருந்தது. பதிலுக்குக் கிரேக்கம் 2020 ஆகஸ்ட் 6 அன்று எகிப்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. சில நாட்களில் துருக்கியின் ஆய்வுக் கப்பலான ஒருச் ரெய்ஸ் போர்க்கப்பல்கள் புடைசூழக் கஸ்டெலோரிசோவின் தென்பகுதிக் கடலுக்கு வந்தது. ஆகஸ்ட் 12 அன்று லிம்னோஸ் என்ற கிரேக்கப் போர்க்கப்பலும் கெமால் ரெய்ஸ் என்ற துருக்கியப் போர்க்கப்பலும் மோதிக்கொண்டன. நேட்டோ கூட்டணியின் இரண்டு உறுப்பு நாடுகளின் கப்பல்கள் இவை.

அந்தப் பரபரப்பில் கவனிக்கப்படாமல் போனது எகிப்து ஒப்பந்தத்தின் வடிவம். அதில் வரைந்த கோடு 28ஆவது தீர்க்கரேகையை ஒட்டி நின்றுவிடுகிறது. கஸ்டெலோரிசோ இருப்பதோ ஏறக்குறைய இருபத்தொன்பதரைப் பாகையில். தனக்கு நட்பான எகிப்துடன்கூட இந்தத் தீவைக் கணக்கில் சேர்த்து ஓர் எல்லையைக் கிரேக்கத்தால் வரைய முடியவில்லை. அல்லது வரையாமல் விடுவதே நல்லதென்று கருதியது. மேடையில் பேசப்படும் கோரிக்கைக்கும் கையெழுத்திடப்படும் கோட்டுக்கும் உள்ள தொலைவை இது காட்டுகிறது.

2023 டிசம்பரில் ஏதென்ஸில் இரு நாடுகளும் நல்லுறவுப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டன. துருக்கியர் ஏழு நாள் விசாவில் எளிதாக வந்துபோகும் பத்துக் கிரேக்கத் தீவுகளின் பட்டியலில் கஸ்டெலோரிசோவும் இடம்பெற்றது. காஷிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் கடலடியைத் தொடும் வேலை என்றால் நிலைமை மாறிவிடுகிறது. கிரீட்டையும் சைப்ரஸையும் இணைக்கும் மின்கம்பிவடத் திட்டத்துக்காக 2024 ஜூலையில் காசோஸ் தீவருகே ஆய்வு செய்த இத்தாலியக் கப்பலைத் துருக்கியப் போர்க்கப்பல்கள் பின்தொடர்ந்தன.

நீதிமன்றத்துக்குப் போனால் என்ன என்ற கேள்வி இயல்பானது. 1976இல் கிரேக்கம் ஈஜியன் கண்டத்திட்டு வழக்கைத் தனியாகவே ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. 1975 மே 31 அன்று இரு பிரதமர்களும் பிரஸ்ஸல்ஸில் வெளியிட்ட கூட்டறிக்கையைத் துருக்கியின் சம்மதமாகக் காட்டியது. அது போதாது என்று 1978இல் நீதிமன்றம் தன்னிடம் அதிகாரம் இல்லையெனத் திருப்பி அனுப்பியது. ஆகவே இருவரும் கையெழுத்திட்ட தனி ஒப்பந்தம் ஒன்று தேவை. அதில் எந்தக் கேள்விகளை எழுதுவது என்பதிலேயே பேச்சு முறிகிறது: கிரேக்கம் கண்டத்திட்டையும் பொருளாதார மண்டலத்தையும் மட்டும் எழுதச் சொல்கிறது, துருக்கி வான்வெளி, பிராந்தியக் கடலின் அகலம், தீவுகளின் இராணுவ நிலை ஆகியவற்றையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும் என்கிறது, கிரேக்கமோ 2015இல் அந்நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று அளித்த அறிவிப்பிலேயே இந்த மூன்றையும் விலக்கி வைத்திருக்கிறது.